கண்ணை எங்கே வைக்க வேண்டும்

மார்ச் 18, 1996, திங்கள்

காலை என் மூக்குக்கண்ணாடிக் கடையில் பன்னிரண்டு விற்றுப் போயிற்று. மாலை ஐந்து மணிக்குப் பல்கலைக்கழகத்தில் என் முதல் வகுப்பு. இரண்டாம் ஆண்டு ஒளியியல், முப்பத்தொரு பிள்ளைகள்.

கரும்பாலை ஊர்ச் சந்தைகளில் சூட்கேஸைத் திறந்து வைத்து, வந்தவர் மூக்கில் ஒவ்வொன்றாய் மாட்டிப் பார்த்து, எதில் தெரிகிறதோ அதை விற்றவன் நான். அந்தக் கை இன்று சுண்ணாம்புக்கட்டி பிடித்தது. கூப்பிட்டது என் அறிவுக்காக அல்ல. ஒளியியல் நடத்திய அரான்சிபியா இஞ்ஜினியர் செத்து ஒன்றரை வருடம் ஆகிறது, பாடம் நடத்த ஆள் இல்லை. என்னிடம் பட்டம் இருக்கிறது, பெட்டி பெட்டியாய் லென்ஸும் இருக்கிறது. லென்ஸ் சும்மா கிடைக்கும் என்று கூப்பிட்டார்கள். எனக்கும் ஆதாயம் உண்டு. கடைப் பலகையில் என் பெயருக்குக் கீழே ‘பல்கலைக்கழக ஆசிரியர்’ என்று ஒரு வரி சேரும்.

அலுவலக எர்சிலியா சாவியைத் தந்தாள். அலமாரியிலிருந்து குலுக்குக் கூண்டையும் எடுத்துக் காட்டினாள். அதே கம்பிக் கூண்டு, அதே பன்னிரண்டு மர உருண்டைகள். பாடம் பன்னிரண்டு பகுதி, பகுதிக்கு ஓர் எண். இறுதித் தேர்வில் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். விழும் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று பேர் முன்னால் வாய் திறக்க வேண்டும்.

“துர்கோ, இந்தக் கூண்டு உன்ன எத்தன தடவ கவுத்துச்சு?”

அப்பா சிரியாவிலிருந்து வந்த பாவத்துக்கு ஐம்பத்திரண்டு வயதிலும் நான் ‘துர்கோ’தான், துருக்கிக்காரன்.

“அஞ்சு தடவ.”

“ஆறாவது?”

“தேறிட்டேன்ல.”

“அதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆச்சரியம்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மார்ச் 27, புதன்

இன்று மேசை மேல் இருக்கும் அளவுத் தண்டவாளத்தில் விளக்கும் லென்ஸும் வைத்துக் காட்டினேன். லென்ஸுக்கு அந்தப் பக்கம், வெறும் காற்றில், விளக்கின் இழை தலைகீழாக நின்றது. திரை இல்லை, தாள் இல்லை. ரொசௌரா என்ற பெண் கையை நீட்டித் தொடப் பார்த்தாள். காலையில் ரொட்டிக் கடையில் வேலை செய்துவிட்டு வருபவள், விரல் நகத்தில் மாவு.

“இருக்கு சார், ஆனா கையில படல.”

பக்கத்து மேசைப் பையன்கள் “எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே” என்றார்கள். இங்கே வந்து பாருங்கள் என்றேன். ஏன் இங்கே வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சுற்றி வளைத்திருப்பேன். அது ஒன்பதாம் எண். ஒன்பதை நான் எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவேன்.

ஏப்ரல் 16

குறி விதி. ஒளி இடமிருந்து வலம் போகும், அந்தத் திசை கூட்டல், எதிர்த் திசை கழித்தல். நான்கு தடவை சொன்னேன். குருடனுக்குக் கண்ணாடிச் சட்டம் விற்பது இதைவிட எளிது.

மே 10, வெள்ளி

முதல் எழுத்துத் தேர்வுத் தாள்களைக் கடைக்குக் கொண்டுவந்து கல்லாவுக்குப் பின்னால் வைத்துத் திருத்தினேன். கேள்வி சுலபம். பத்து சென்டிமீட்டர் லென்ஸ், பதினைந்தில் பொருள், பிம்பம் எங்கே? முப்பதில். எல்லாருக்கும் விடை சரி. சந்தோஷப்பட வேண்டியதுதான்.

படம்தான் சரியில்லை. முப்பத்தொன்றில் இருபத்துமூன்று தாள்களில் ஒளி வலமிருந்து இடமாகப் போகிறது. பொருள் வலது ஓரத்தில், பிம்பம் இடது பக்கத்தில். காப்பி அடித்தார்கள் என்றால் ஒருவன் தப்பு மற்றவனிடம் இருக்கும். இவற்றில் தப்பே இல்லை, குறிகளையும் ஒழுங்காகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கதிரின் அம்புமுனையில் ஒரு சின்னச் சுழி. எல்லாப் படத்திலும் இடது கோடியில், ஒளி போய்ச் சேரும் இடத்தில், ஒரு சிறிய கண்.

நான் கண் வரையச் சொல்லித்தரவில்லை. நான் கண் வரைவதே இல்லை.

மனைவி சுலேமா பின்னாலிருந்து மாத்தே தேநீர்க் கோப்பையை நீட்டி, “என்ன, முகம் வெளுத்திருக்கு?” என்றாள். வெளிச்சம் அப்படி என்றேன். அவள் போனதும் பழைய பெட்டியைத் திறந்து என் மாணவக் காலத்து நோட்டை எடுத்தேன். அதே சுழி. அதே கண். வலமிருந்து இடம். அரான்சிபியா இடக்கைக்காரர். பலகையில் தன் கை கோட்டை மறைக்கக் கூடாது என்று வலது ஓரத்தில் ஆரம்பிப்பார்.

இவர்கள் எல்லாரும் போன வருடம் சேர்ந்தவர்கள். அவரைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

மே 13, திங்கள்

வகுப்பில் தாள்களைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். சிமோக்காவிலிருந்து வரும் நிகாசியோ, எதற்கும் பயப்படாதவன், எழுந்தான்.

“நீங்க இடப்பக்கமிருந்துன்னு சொன்னீங்க சார். சனிக்கிழமை இஞ்ஜினியர் வலப்பக்கமிருந்து போட்டார். ரெண்டும் ஒண்ணுதான், குறியில ஏமாத்தாம இருந்தா போதும்னார்.”

“எந்த இஞ்ஜினியர்?”

“சந்தேக வகுப்பு எடுக்கிறவர். மூணு மணிக்கு, ஆறாம் அறையில. உங்க உதவியாளர்தானே?”

“ஆள் எப்படி இருப்பார்?”

“வயசானவர். தலையச் சாய்ச்சு, நம்மளத் தாண்டி எங்கயோ பாப்பார். ரொம்ப நல்லாச் சொல்லித்தர்றார் சார். தப்பா நெனைக்காதீங்க.”

பின் பெஞ்சில் சிரிப்பு. நான் தப்பாக நினைக்கவில்லை. பலகையைத் துடைத்தேன், ஏற்கெனவே துடைத்திருந்த பலகையை.

மே 14

எர்சிலியாவிடம் கேட்டேன்.

“சந்தேக வகுப்பா? யாரும் இல்ல. சனிக்கிழமை ஒரு மணிக்கு நானே பூட்டுறேன். சாவி ரெண்டு. ஒண்ணு என் இடுப்புல, ஒண்ணு உன் பையில.”

“பிள்ளைங்க வேற மாதிரி சொல்றாங்க.”

“உன் பிள்ளைங்க உன்ன ஓட்டுறாங்க துர்கோ. பள்ளிக்கூடத்துல நீ யாரையும் ஓட்டுனது இல்லையா?”

அப்படித்தான் இருக்க வேண்டும். பழைய மாணவன் எவனோ நோட்டை விற்றிருப்பான். நோட்டு வியாபாரம் எனக்குத் தெரியாததா?

மே 18, சனி

போனேன். மூன்று மணி. சியெஸ்தா நேரம், ஊரே மதியத் தூக்கத்தில், தெருவில் நாய்கூட இல்லை, வெயில் வெள்ளைத் துணி மாதிரி தொங்குகிறது. இந்த ஊரில் இருட்டுக்குப் பயப்படுகிறவன் கிடையாது. சியெஸ்தாவில் வெளியே போகாதே என்றுதான் சொல்லி வளர்ப்பார்கள்.

பூட்டு பூட்டியபடி. என் சாவியால் திறந்தேன். நடைக்கூடம் முழுக்க என் செருப்புச் சத்தம். ஆறாம் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. வாசலில் நின்று பார்த்தேன். காலி பெஞ்சுகள். துடைத்த பலகை. தண்டவாளத்தில் விளக்கும் லென்ஸும். நான் அவற்றை வெள்ளிக்கிழமை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

உள்ளே போய் விளக்கின் மேல் கை வைத்தேன். சுட்டது.

கையை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டேன். கட்டைவிரலில் கொப்புளம். வீட்டில் அடுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

மே 20, திங்கள்

வகுப்பு முடிந்து ரொசௌரா மேசைக்கு வந்தாள்.

“சனிக்கிழமை ஏன் சார் ஒண்ணும் பேசாம போயிட்டீங்க?”

“எங்கேயிருந்து?”

“கதவுல நின்னீங்களே. நாங்க பத்தொன்பது பேரு இருந்தோம். நிகாசியோ கை கூட ஆட்டினான். நீங்க எங்கள பாக்காத மாதிரி உள்ள வந்து, விளக்கத் தொட்டுட்டு, உடனே போயிட்டீங்க. கை சுட்டுருச்சா?”

கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

“இஞ்ஜினியர் என்ன சொன்னார்?”

அவள் தயங்கினாள். “கோவிச்சுக்காதீங்க. ‘அவன் இன்னும் ஒன்பத ஒப்பிக்கல, அதான் அவனுக்கு நாம தெரியல’ன்னார். எல்லாரும் சிரிச்சோம். ஜோக்குன்னு நெனச்சோம்.”

அவர் செத்துவிட்டார் என்று சொல்லவில்லை. தேர்வு நெருங்குகிறது. பிள்ளைகள் மனசைக் கெடுப்பது வாத்தியார் வேலை அல்ல.

மே 25, சனி. தேசிய விடுமுறை

சுலேமா சோளமும் இறைச்சியும் போட்டு லோக்ரோ வைத்தாள், தங்கை வீட்டாரும் வந்து பெரிய பானையைக் காலி பண்ணினார்கள். நான் இரண்டு கரண்டிக்கு மேல் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு எல்லாரும் படுத்துவிட்டார்கள். இப்போது எழுதுகிறேன். எழுத வேண்டியதை ஐந்து வருடமாக எழுதவில்லை.

கண்ணாடிக் கடைக்குப் பட்டம் பெற்ற ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பல வருடம் எவனோ ஒருவன் பட்டத்தை வாடகைக்குப் பிடித்துச் சுவரில் மாட்டிக் கடை நடத்தினேன். அலுத்துப்போய் நாற்பத்துமூன்று வயதில் நானே படிக்கச் சேர்ந்தேன். எல்லாம் தேறினேன், ஒளியியல் மட்டும் மாட்டேன் என்றது. அரான்சிபியாவின் மேசையில் ஐந்து முறை விழுந்தேன்.

ஆறாவது முறை, 1991 ஜூலை. விழுந்தது ஒன்பது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “காத்துல நிக்கிற பிம்பத்தப் பாக்கணும்னா கண்ண எங்க வைக்கணும்?” எங்கே வைத்தாலும் தெரியும் என்றேன். அலமாரியில் இருக்கும் சரக்கு எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்தானே? “உனக்கு ரெண்டு” என்றார்.

பத்துக்கு நாலு வாங்கினால்தான் தேர்ச்சி.

கடைசி ஆள் நான். தேர்வு மேசையின் மற்ற இரண்டு பேரும், வழக்கம்போல, மதிப்பெண் நிரப்பாத தாளிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். தாளும் பேனாவும் அவரும் நானும். “எனக்கு அசதியா இருக்கு, நீயே எழுது. ரெண்டு. எண்ணுல, எழுத்துல” என்றார்.

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது, அங்கே வேறு யாருக்கும் தெரியாதது. கண்ணாடி விற்கிறவன் கண்ணுக்கு அது தப்பாது. அவர் தலையைச் சாய்த்து ஓரத்தால் பார்த்தார். நடுப் பார்வை போயிருந்தது. வேலை போய்விடும் என்று மறைத்து வைத்திருந்தார். தாளில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

4 (நான்கு) என்று எழுதினேன். அவர் விரலைப் பிடித்துக் கையெழுத்துக் கோட்டின் மேல் வைத்தேன்.

“எழுதிட்டயா?”

“எழுதிட்டேன் இஞ்ஜினியர்.”

“சொன்னததான எழுதின?”

“ஆமா.”

போட்டார். அந்தத் தாளிலிருந்து வந்ததுதான் சுவரில் தொங்கும் பட்டம். கடை அதில் தொங்குகிறது, இரண்டு மகள்களின் படிப்பு அதில் தொங்குகிறது. அடுத்த வருடம் எழுதி நியாயமாகத் தேறியிருக்க மாட்டேனா? தேறியிருக்கலாம். அவசரப்பட்டேன். வியாபாரி காத்திருந்தால் கூட்டம் அடுத்த கடைக்குப் போய்விடும் என்று பழகிப்போன புத்தி.

அடுத்த அறையில் மச்சான் குறட்டை. மணி மூன்றரை. இன்று விடுமுறை, கட்டடம் பூட்டு. அங்கே வகுப்பு நடக்கிறதா, தெரியாது. போய்ப் பார்க்க மாட்டேன்.

மே 27

நடந்ததாம். இருபத்தாறு பேர்.

ஜூன் 8, சனி

ஆறாம் அறைக் கதவில் ‘சனிக்கிழமை சந்தேக வகுப்பு கிடையாது’ என்று என் கையெழுத்தோடு தாள் ஒட்டினேன். எர்சிலியாவின் சாவியையும் வாங்கிக்கொண்டேன். இரண்டும் என் பையில்.

ஜூன் 10

முப்பத்தொரு பேரும் போயிருந்தார்களாம். தாளைப் பார்த்தார்களா என்று கேட்டேன். “பாத்தோம் சார்” என்றான் நிகாசியோ. “இஞ்ஜினியர்கிட்டக் காட்டினோம். அவருக்குப் படிக்க முடியல. எங்களையே படிக்கச் சொல்லிக் கேட்டார். ‘அவன் கையெழுத்த நான் நம்ப மாட்டேன்’னார்.”

ஜூன் 20

சரக்கே இல்லையென்றால் கேட்கிறவன் என்ன செய்வான்? கூண்டிலிருந்து ஒன்பதாம் உருண்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கடை இழுப்பறையில், மூக்குத் தாங்கிகளுக்கும் திருகாணிகளுக்கும் நடுவில் போட்டுப் பூட்டினேன்.

ஜூலை 31, புதன்

தேர்வு நாள். கிளம்புமுன் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். உருண்டை கிடந்தது. எண் மேலே. பூட்டினேன்.

கரும்பு வெட்டுக் காலம், வயல் எரிக்கிறார்கள். ஜன்னல் மேடையெல்லாம் கறுப்புச் சாம்பல். மேசைக்கு நான் தலைவன். வலப்பக்கம் இயற்பியல் துறையின் டாக்டர் பெனாவிதெஸ், இளம் பெண், கறாரானவர். இடப்பக்கம் கணிதத் துறை ஆள் ஒருவர்.

முதலில் நிகாசியோ. கைப்பிடியைச் சுற்றினான். மூன்றாம் எண் விழுந்தது. அடுத்து ஒன்பது.

எடுத்துப் பார்த்தேன். அதே மரம். ‘9’க்குக் கீழே கோடு, ஆறு என்று யாரும் மாற்றிப் படிக்காமலிருக்க அரான்சிபியா கத்தியால் கீறியது. கூண்டைத் திறந்து எண்ணினேன். விழுந்த இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு.

“என்ன தோன் யாமில், கணக்கு உதைக்குதா?” என்றார் பெனாவிதெஸ், என் பெயருக்கு முன்னால் மரியாதைக்குத் ‘தோன்’ போட்டு.

“இல்ல. நடக்கட்டும்.”

எல்லாருக்கும் விழுந்தது. கூடவே இரண்டோ ஏழோ பதினொன்றோ விழும், பிள்ளைகள் ஒன்பதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கண்ணை எங்கே வைக்க வேண்டும்? ரொசௌரா பலகையில் வலமிருந்து இடமாகக் கோடு போட்டு, கடைசியில் கண்ணை வரைந்து, எங்களைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“பிம்பம் அங்கதான் இருக்கு. ஆனா அதைத் தாண்டி, ஒளி போய்ச் சேர்ற எடத்துல நிக்கிறவனுக்குத்தான் தெரியும். விளக்குப் பக்கம் நிக்கிறவனுக்கு எதுவும் தெரியாது. அவன்தான் விளக்க ஏத்தினவன்னாலும் தெரியாது.”

“அழகு” என்றார் பெனாவிதெஸ். “தோன் யாமில், நல்லா நடத்தியிருக்கீங்க.”

முப்பத்தொரு பேரும் தேர்ச்சி. அப்படி ஒருபோதும் நடந்ததில்லை என்றாள் எர்சிலியா. மணி இரண்டு. இரண்டு பேரும் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார்கள். “மீதிய நீங்க நிரப்பிடுங்க, பசி உயிர் போகுது” என்று எம்பனாதா வாங்கப் போய்விட்டார்கள்.

நிரப்பினேன். முப்பத்தொன்றாவது பெயர் வரை. அதற்குக் கீழே முப்பத்திரண்டாவது ஒன்று, அதே தட்டச்சில்: யாப்பூர், யாமில். வகுப்புக்கு வராமல் நேரே தேர்வு எழுதும் மாணவர்களின் வரிசையில்.

எர்சிலியாவைக் கூப்பிட்டேன்.

“விண்ணப்பம் பெட்டியில கெடந்துச்சு. உன் பேரு, உன் அடையாள எண். கையெழுத்து ஒரு மாதிரி பின்னால சாஞ்சிருந்துச்சு, இடக்கையால போட்டாப்ல. நீ ஏதோ வேடிக்கை பண்றன்னு நெனச்சேன். ‘வரவில்லை’ன்னு எழுதிட்டுப் போ.”

அவள் போனாள். தாளும் பேனாவும் நானும். எதிரே மாணவர் உட்காரும் நாற்காலி. ‘வரவில்லை’ என்று எழுதினால் முடிந்தது. பேனாவை அந்தக் கட்டத்தில் வைத்தேன். ஜன்னல் சாத்தியிருந்தும் ஒரு சாம்பல் துணுக்கு தாளின் மேல் வந்து உட்கார்ந்தது. ஊதினேன், நகரவில்லை. எனக்குப் பின்னால் யாரோ தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பதுபோல் கழுத்தில் பட்டது. திரும்பவில்லை. திரும்பினாலும் எனக்குத் தெரியாது என்பது தெரியும். நான் நிற்கும் பக்கம் அப்படி.

2 (இரண்டு) என்று எழுதினேன். சொன்னதைத்தான் எழுதினேன். எண்ணில், எழுத்தில். தலைவர் கையெழுத்தும் போட்டேன்.

கடைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். உருண்டை கிடந்தது. எண் கீழே.

ஆகஸ்ட் 6

டீன் கூப்பிட்டார். ஒரே பாடத்தில் பட்டமும் வைத்துக்கொண்டு தோல்வியும் வாங்குகிற மனிதரை அவர் பார்த்ததில்லையாம். 1991-இல் நடந்ததைச் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். பத்திரிகை, கோர்ட், பல்கலைக்கழகத்தின் மானம் என்று என்னைவிட அவர்தான் பயந்தார். முடிவு: வேலையை விட வேண்டும், பட்டத்தைத் திருப்பித் தர வேண்டும், ஒளியியலை மறுபடி எழுதலாம்.

ஆகஸ்ட் 7

சுலேமாவிடம் சொன்னேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“கேட்டாங்களா? யாராவது உன்னக் கேட்டாங்களா?”

“ஒருத்தர் கேட்டார்.”

“யாரு?”

சொல்லவில்லை.

“கடைய மூடிட்டா? சூட்கேஸ் மேல பரண்ல இருக்கு, எடுத்துத் தரட்டா?” என்றாள்.

செப்டம்பர் 2

சுவரில் பட்டம் இருந்த இடம் வெளுத்த சதுரமாய்த் தெரிகிறது. பக்கத்தில் லெய்வா என்ற இளைஞனின் பட்டம். மறுபடி வாடகைக்கு. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். கடை திறந்திருக்கிறது. பலகையில் ‘ஆசிரியர்’ வரியை நானே சுரண்டினேன்.

நவம்பர் 30, சனி

சாவியை எர்சிலியாவிடம் எப்போதோ கொடுத்தாயிற்று. ஒரு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று மணி. அதே வெள்ளை வெயில். பூட்டைப் பார்க்கலாம் என்று கை வைத்தால் கதவு திறந்துகொண்டது.

ஆறாம் அறையில் பின் பெஞ்சில் இடம் இருந்தது. பக்கத்தில் யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள். நகத்தில் மாவு.

பலகையில் கோடு வலது ஓரத்தில் ஆரம்பித்தது. எழுதிக்கொண்டேன்.

டிசம்பர் 11, புதன்

மேசையில் பெனாவிதெஸ் தலைவர். கூண்டு எனக்கு ஒன்பதையும் நான்கையும் தந்தது. ஒன்பதை எடுத்தேன். ஒரு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். அவருக்குத் திருப்தி, ஆனால் குறி விதியில் இரண்டு இடத்தில் தடுமாறினேன். அதையும் சொன்னார். “நாலு” என்றார்.

மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். பெனாவிதெஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

“நீங்களே எழுதிடுங்க தோன் யாமில். எண்ணுல, எழுத்துல.”

இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவர் எழுதும்வரை எடுக்கவில்லை.